கூடினால் அணையும், பிரிந்தால் ஒளிரும்

சிறுநீரக நோய் பற்றிய தம் ஆய்வை 1827-இல் வெளியிட்ட லண்டன் கைஸ் மருத்துவமனை டாக்டர் ரிச்சர்ட் பிரைட்டுக்கு, நோயைக் கண்டுபிடிக்க ஒரு கரண்டியும் ஒரு மெழுகுவத்தியும் போதுமாக இருந்தன. கால் வீங்கி, கண்ணிமை உப்பி வரும் நோயாளியின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்துச் சுடரில் காட்டுவார். தெளிந்திருந்த நீர் கலங்கி வெள்ளையாகத் திரண்டால் சிறுநீரகம் கெட்டிருக்கிறது என்று பொருள். முட்டையின் வெள்ளைக்கரு சூடு பட்டால் உறைகிறதே, அதே குணம் நம் இரத்தத்தில் ஓடும் அல்புமின் என்ற புரதத்துக்கும் உண்டு. நல்ல சிறுநீரகம் அல்புமினை வெளியே விடாது. விட ஆரம்பித்தால் கரண்டி காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் காட்டிக்கொடுக்கும்போது காலம் கடந்திருக்கும். நலமாக இருப்பவரின் சிறுநீரில் ஒரு நாளைக்கு 30 மில்லிகிராமுக்கும் குறைவாகவே அல்புமின் வெளியேறுகிறது. சர்க்கரை நோயால் சிறுநீரகம் பழுதாகத் தொடங்கும்போது அது 30-ஐத் தாண்டி 300 வரை மெல்ல ஏறுகிறது. அந்தக் கட்டத்தில் வீக்கமும் இருக்காது, நுரையும் இருக்காது, கரண்டியில் எதுவும் திரளாது. மஞ்சள் நிறத்திலிருந்து பச்சைக்கு மாறும் சாதாரண சிறுநீர் ஸ்ட்ரிப்பும் பெரும்பாலும் மஞ்சளாகவே நிற்கும். மருந்து நன்றாக வேலை செய்யக்கூடிய காலமும் இதுதான். இந்தச் சிறு அளவை அளந்து காட்டும் முறையை 1963-இல் ஹாரி கீனும் குளோவெராக்கிஸும் வெளியிட்டார்கள். அதுவும் அதே கைஸ் மருத்துவமனையிலிருந்துதான், பிரைட்டுக்கு 136 ஆண்டுகள் கழித்து. கதிரியக்க அணுவைக் கட்டிய புரதமும் ஆன்டிபாடியும் அவர்களுக்குத் தேவைப்பட்டன.

இன்றைக்கும் பெரும்பாலான புரதப் பரிசோதனைகள் ஆன்டிபாடியை நம்பியே நடக்கின்றன. ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பிடித்துக்கொள்வதில் அதற்கு நிகர் கிடையாது. ஆனால் ஆன்டிபாடியும் ஒரு புரதம்தான். விலங்கிலோ வளர்ப்புச் செல்லிலோ உண்டாக்க வேண்டும், குளிர்ப்பெட்டியில் வைத்துக் காக்க வேண்டும். ஆன்டிபாடியை வைத்துச் செய்யும் எலைசா சோதனை நடக்கும் இடத்தில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் தெரியும். 96 குழிகள் கொண்ட தட்டில் மாதிரியை விடுவது, காத்திருப்பது, கழுவுவது, அடுத்த திரவத்தை விடுவது, காத்திருப்பது, மறுபடியும் கழுவுவது. ஒட்டாமல் மிதக்கும் ஆன்டிபாடியைக் கழுவித் தள்ளாவிட்டால் அதுவும் சேர்ந்து நிறம் காட்டும், அளவு பொய்யாகிவிடும். வேலையில் பாதி கழுவுவதுதான்.

வேதியியலாளர்களுக்கு இங்கேதான் ஓர் ஆசை பிறந்தது. கழுவவே வேண்டாத ஒரு பொருள் வேண்டும். தேடும் புரதம் இல்லாதபோது அது இருட்டாகக் கிடக்க வேண்டும், புரதம் வந்து தொட்டதும் ஒளிர வேண்டும். மாதிரியில் கலந்து விளக்கைக் காட்டினால் வேலை முடிந்தது.

ஒளிர்வு என்பது என்ன என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு சிட்டிகை மஞ்சள்தூளை ஸ்பிரிட்டில் கலக்கித் தெளியவிட்டு, கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச்சை அதன்மேல் அடியுங்கள் (கண்ணில் அடிக்க வேண்டாம், அடுப்புப் பக்கமும் வேண்டாம்). திரவம் மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் பளிச்சிடும். மஞ்சளில் உள்ள குர்குமின் கண்ணுக்குத் தெரியாத ஒளியை வாங்கி, அதில் கொஞ்சத்தைச் சூடாக இழந்து, மீதியைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் திருப்பித் தருகிறது. அதே தூளைத் தண்ணீரில் கலக்கினால் இந்தப் பளிச்சு வராது. குர்குமின் தண்ணீரில் கரைவதே அரிது. கரைந்த சொற்பமும் வாங்கிய ஆற்றலை அசைந்தும் ஆடியும் தண்ணீரிடம் இழந்துவிடுகிறது. ஆனால் அந்தத் தண்ணீரில் அல்புமின் இருந்தால் நிலைமை மாறும். அல்புமினின் உடலில் எண்ணெய்த்தன்மை கொண்ட பள்ளங்கள் உண்டு. குர்குமின் அதற்குள் போய் உட்கார்ந்ததும், தண்ணீரின் தொல்லை நீங்கி மறுபடியும் ஒளிரத் தொடங்குகிறது.

ஆக, புரதத்தைக் கண்டதும் ஒளிரும் சாயம் ஒன்றும் புதிதல்ல. கிரெகோரியோ வெபரும் லாரன்ஸும் 1954-லேயே அப்படிப்பட்ட சாயங்களைப் பற்றி எழுதிவிட்டார்கள். தண்ணீரில் ஏறக்குறைய இருட்டாக இருந்து, மாட்டு இரத்த அல்புமினைச் சேர்த்ததும் ஒளிர்ந்த சாயங்கள். அப்படியென்றால் எழுபது ஆண்டுகளாக ஏன் எல்லா ஆய்வகத்திலும் இதையே வைத்துக்கொள்ளவில்லை? எண்ணெய்ப் பள்ளம் எங்கே இருந்தாலும் இவை ஒட்டிக்கொள்ளும் என்பதுதான் காரணம். இன்ன புரதம்தான் வேண்டும் என்ற விவஸ்தை இவற்றுக்கு இல்லை.

விவஸ்தை வர வேண்டுமானால் சாயத்தோடு ஒரு பிடியையும் கட்ட வேண்டும், தேடும் புரதம் மட்டுமே பற்றக்கூடிய ஒரு பிடி. அதைக் கட்டுவது கடினமல்ல. ஆனால் கட்டிய பிறகு, புரதம் பற்றுவதற்கு முன்பே சாயம் ஒளிர்ந்துகொண்டிருந்தால் என்ன பயன்? மறுபடியும் கழுவத்தான் வேண்டும். பிடி கட்டிய சாயத்தை இருட்டில் வைத்திருப்பது எப்படி என்பதே உண்மையான கேள்வி.

விடை, வேதியியலாளர்கள் நெடுங்காலம் குறை என்று நினைத்த ஒன்றில் இருந்தது. ஒளிரும் கரிமச் சாயங்கள் பெரும்பாலும் தட்டையானவை. அடர்த்தி கூடினால் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி அடுக்கிக்கொள்ளும். அப்படி அடுக்கிக்கொண்டால் ஒரு மூலக்கூறு வாங்கிய ஆற்றல் பக்கத்து மூலக்கூறுக்குத் தாவி, ஒளியாகாமல் வீணாகிவிடும். பைரீன் கரைசலின் அடர்த்தியைக் கூட்டக் கூட்ட அதன் வழக்கமான ஒளிர்வு மங்குவதை ஜெர்மனியில் தியோடர் ஃபொர்ஸ்டரும் காஸ்பரும் பதிவுசெய்ததும் அதே 1954-இல்தான். சாயத்தை வைத்து விளக்கு செய்ய நினைப்பவருக்கு இது தலைவலி. ஆனால் தேவைப்படும்போது மட்டும் விளக்கு எரிந்தால் போதும் என்பவருக்கு இதுவே இலவசமாகக் கிடைத்த சுவிட்ச்.

சாயங்களைத் தண்ணீரில் ஒன்றுசேர்க்க யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. ஒரு முனை தண்ணீரை விரும்பியும் மறுமுனை வெறுத்தும் இருக்கும்படி மூலக்கூறைச் செய்தால் போதும், அவை தாமே கூடிக்கொள்ளும். சோப்பு அழுக்கை எடுப்பதும் இப்படித்தான். இதில் பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. எண்ணெய் முனைகள் ஒன்றையொன்று விரும்பிக் கூடுவதில்லை. ஒவ்வொரு எண்ணெய் முனையையும் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகள் கட்டுப்பட்டு நிற்க வேண்டியிருக்கிறது. முனைகள் எல்லாம் ஒரே இடத்தில் ஒதுங்கினால், சுற்றி நின்ற தண்ணீரில் பெரும்பகுதி விடுபடுகிறது. கூட்டத்தைக் கூட்டுவது பெரும்பாலும் தண்ணீரின் விடுதலைதான். இப்படிப் பிறக்கும் உருண்டைகள் பல சமயம் நூறு நானோமீட்டர் அளவில் இருக்கும். ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு.

புரதத்துக்கான பிடியையும் தானே கூடும் இந்தக் குணத்தையும் சேர்த்துப் பரிசோதித்தவர்களில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் இட்டாரு ஹமாச்சி குழுவை முதலில் சொல்ல வேண்டும். ஒரு முனையில் புரதத்துக்கான பிடி, மறுமுனையில் எண்ணெய்த்தன்மையுள்ள, செய்தி சொல்லும் பகுதி. 2009-இல் அவர்கள் ஒளிக்குப் பதில் ஃபுளோரின் அணுவின் காந்த அதிர்வுச் சமிக்ஞையை வைத்துச் செய்து காட்டினார்கள். அடுத்த ஆண்டே ஒளிர்வுக்கு வந்தார்கள். அவர்கள் குறிவைத்த புரதங்களில் ஒன்று கார்பானிக் அன்ஹைட்ரேஸ். நம் சிவப்பணுக்களில் ஏராளமாக இருந்து, கரியமில வாயுவை நொடிக்குப் பத்து லட்சம் மூலக்கூறு என்ற வேகத்தில் மாற்றிவிடும் நொதி அது. அதன் மையத்தில் ஆழமான ஒரு பள்ளம், பள்ளத்தின் அடியில் ஒரு துத்தநாக அணு. சல்ஃபோனமைடு என்ற வேதிக்கூறு உள்ளே இறங்கி அந்தத் துத்தநாகத்தைப் பற்றிக்கொள்ளும். கண் நீர் அழுத்தத்துக்குக் கொடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரை வேலை செய்வதும் இதே வழியில்தான். ஒரு மருந்து எந்தப் புரதத்தைப் பிடிக்கிறது என்று தெரிந்துவிட்டால், மருந்தின் பிடிக்கும் பகுதியை வெட்டியெடுத்துச் சாயத்தில் ஒட்ட வைத்துவிடலாம். மருந்து ஆராய்ச்சி நூறாண்டாகச் சேர்த்த சொத்து முழுவதும் கண்டறியும் துறைக்குத் திறந்துகொள்கிறது. எனக்கு இந்த ஆராய்ச்சியில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

உருண்டைக்குள் அடைந்து கிடக்கும் சாயங்கள் இருட்டாக இருக்கும். நொதி வந்ததும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பிடியைப் பற்றுகிறது, அந்த மூலக்கூறு கூட்டத்தை விட்டுப் பிரிகிறது. பிரிந்து தனித்ததும் ஒளிர்கிறது. நொதி நிறைய இருந்தால் உருண்டைகளே கலைந்துபோகும். இது நடந்ததா என்று உறுதிசெய்ய இரண்டு சோதனைகள் உண்டு. கரைசலில் லேசரை அடித்து ஒளி சிதறுவதைப் பார்த்தால், நூறு நானோமீட்டர் துகள்கள் மறைந்திருக்க வேண்டும். அதே பள்ளத்தில் இன்னும் இறுக்கமாக உட்காரும் வேறொரு தடுப்பானைச் சேர்த்தால், இடம் இழந்த சாயங்கள் மறுபடியும் கூடி ஒளி அணைய வேண்டும். அணையவில்லை என்றால் சாயம் வேறெங்கோ ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். இத்தகைய கட்டுரைகளைப் படிப்பவர்கள் முதலில் தேட வேண்டியது இந்த இரண்டாவது சோதனையைத்தான். வண்ணப் படங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எண்ணெய் முனையைச் சரியான அளவில் அமைப்பது சொல்வதற்கு எளிது, செய்வதற்கு அரிது. எண்ணெய்த்தன்மை மிகுந்துபோனால் உருண்டை இறுகிவிடும், புரதம் இழுத்தாலும் மூலக்கூறு வெளியே வராது. குறைந்துபோனால் உருண்டையே உருவாகாமல் சாயம் தன்பாட்டுக்கு ஒளிர்ந்துகொண்டிருக்கும். கியோட்டோ குழு பின்னர் உயிருள்ள புற்றுச்செல்களின் மேற்பரப்பில் இருக்கும் ஃபோலேட் ஏற்பிகளையும், உயிர்வளி குறையும்போது பெருகும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் வகைகளையும் இந்த வழியில் ஒளிரச் செய்து காட்டியது.

புரதம் தொட்டால் பொதி கலையும் என்ற இதே கருத்தை வேறு கோணத்தில் வளர்த்தவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம், ஆம்ஹர்ஸ்டைச் சேர்ந்த சங்கரன் தாயுமானவன். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்துவிட்டுப் போனவர். கிளைத்துக் கிளைத்துப் பிரியும் மூலக்கூறுகளால் பொதி செய்து, உள்ளே சாயத்தையோ மருந்தையோ அடைத்து, குறிப்பிட்ட புரதம் பற்றியதும் பொதி கலைந்து உள்ளிருப்பது வெளியேறும்படி அவர் குழு செய்தது. நோயைச் சொல்லும் பொருளே மருந்தையும் இறக்கிவைக்கலாம் என்ற வழி அதில் தெரிகிறது.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்று ஹாங்காங்கில் நடந்தது. ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பென் ஜோங் டாங்கின் ஆய்வகத்தில் சைலோல் வகை மூலக்கூறு ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். சோதனைத் தட்டில் வைத்த சொட்டு ஈரமாக இருந்தபோது புற ஊதா விளக்கின் கீழ் ஒன்றும் தெரியவில்லை. உலர்ந்ததும் அதே இடம் ஒளிர்ந்தது. கூடினால் அணைய வேண்டும் என்பது பாடம், இதுவோ கூடியபின் ஒளிர்கிறது! 2001-இல் அதை வெளியிட்டார்கள். காரணம் மூலக்கூறின் வடிவத்தில் இருந்தது. அது தட்டையானது அல்ல. நடுவே ஒரு தண்டும், அதில் காற்றாடி இறக்கைகளாகச் சுழலும் பென்சீன் வளையங்களும் கொண்டது. தனியாக இருக்கும்போது வாங்கிய ஆற்றலையெல்லாம் வளையங்களைச் சுழற்றியே செலவழித்துவிடும். நெரிசல் நேரத்து டவுன் பஸ்ஸில் ஏறியவர் கையைக் காலை ஆட்ட முடியாமல் நிற்பதுபோல, கூட்டத்தில் சிக்கியதும் வளையங்கள் சுழல முடியாமல் போகின்றன. ஆற்றலுக்கு ஒளியாக வெளியேறுவதைத் தவிர வேறு வழியில்லை.

கூட்டம்தான் வேண்டும் என்பதில்லை, இறுக்கிப் பிடிக்க ஏதாவது பள்ளம் கிடைத்தாலும் போதும். நான்கு பென்சீன் வளையம் கொண்ட டெட்ராஃபீனைல்எத்தீனைத் தண்ணீரில் கரையும்படி மாற்றி, மனித அல்புமினைச் சேர்த்தபோது அது ஒளிர்வதை 2010-இல் டாங் குழுவினர் காட்டினார்கள். 585 அமினோ அமிலங்களால் ஆன அல்புமினின் பள்ளங்களில் வளையங்கள் சிக்கிக்கொள்கின்றன. சிறுநீரில் அல்புமினை அளக்க இந்த வகைச் சாயங்கள் இன்று பல ஆய்வகங்களில் முயலப்படுகின்றன.

இரண்டு வழிகளில் எது மேல்? அல்புமினைப் போல நிறையப் பள்ளம் உள்ள, நிறைய அளவில் இருக்கும் புரதத்துக்கு ஹாங்காங் வழி எளிது. இரைச்சலுக்கு நடுவே ஒரே ஒரு புரதத்தைத் தேட வேண்டுமானால் கியோட்டோ வழியில்தான் எனக்கு நம்பிக்கை.

சுழற்சி நின்றால் ஒளி என்ற உத்தி மருத்துவமனைக்குள் ஏற்கெனவே நுழைந்தும்விட்டது, வேறு பெயரில். தயோஃப்ளேவின்-டி என்ற பழைய மஞ்சள் சாயம் இரண்டு பாதிகளால் ஆனது, பாதிகள் ஒன்றையொன்று சுற்றிச் சுழலும். உருக்குலைந்த புரதங்கள் தாமே கூடி நார்நாராக அடுக்கிக்கொள்ளும்போது, அந்த நார்களின் வரிப்பள்ளங்களில் சாயம் சிக்கி, சுழற்சி நின்று, பச்சை கலந்த நீலமாக ஒளிர்கிறது. மூளையை அரிக்கும் குரோய்ட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் நோயில், நோயாளியின் தண்டுவட நீரில் ஒரு சொட்டை நல்ல புரதத்தோடு கலந்து, மணிக்கணக்கில் குலுக்கிக் குலுக்கி இந்த ஒளி எழுகிறதா என்று பார்க்கிறார்கள். நோயுற்ற புரதம் துளி இருந்தாலும் நல்லதையும் நாராக மாற்றிவிடும், ஒளி ஏறும். மூளையிலிருந்து திசு வெட்டியெடுக்காமலே நோயைச் சொல்ல இன்று உதவும் முறை இது. தானே கூடி அமைவது இங்கே சாயமல்ல, புரதம்.

இனி கசப்பான பக்கம். இத்துறையின் கட்டுரைகளில் பெரும்பாலானவை தூய உப்புக் கரைசலில், ஒரே ஒரு தூய புரதத்தைப் போட்டுக் காட்டியவை. நோயாளியின் இரத்தம் அப்படி இருக்காது. ஒரு லிட்டர் இரத்த நீரில் சுமார் 40 கிராம் அல்புமின் உண்டு. மாரடைப்பைச் சொல்லும் ட்ரோபோனின்-டி புரதமோ லிட்டருக்கு 14 நானோகிராமைத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும். ஏறக்குறைய 300 கோடி மடங்கு வித்தியாசம். உடலில் எண்ணெய்த்தன்மையுள்ள எதைக் கண்டாலும் தூக்கிச் சுமப்பதே அல்புமினின் தொழில். கொழுப்பு அமிலம், பிலிருபின், பாதி மாத்திரைகள் எல்லாம் அதன் முதுகில்தான் பயணம் செய்கின்றன. நாம் பாடுபட்டுச் செய்த நானோ உருண்டையையும் அது கலைத்துத் தன் பள்ளத்தில் போட்டுக்கொள்ளும். தேடிய புரதம் இல்லாமலே ஒளி வந்துவிடும்.

அல்புமினையே அளக்கப் போனாலும் சிக்கல் தீராது. வார்ஃபாரின் மருந்து உட்காரும் இடம் ஒன்று, வலிமருந்தான ஐபுப்ரோஃபென் உட்காரும் இடம் இன்னொன்று என அதன் இரண்டு முக்கியப் பள்ளங்கள் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. சாயத்துக்கும் அதே இடம்தான் வேண்டும் என்றால், மூட்டுவலிக்கு மாத்திரை போட்டுவந்தவரின் சிறுநீரில் அளவு குறைத்துக் காட்டக்கூடும். சிறுநீருக்கும் சொந்த ஒளி உண்டு. பி-காம்ப்ளக்ஸ் போட்ட அன்று அடர்மஞ்சளாகப் போகிறதே, அது ரிபோஃப்ளேவின். புற ஊதாவில் பச்சையாக ஒளிரும் பொருள். சாயமும் பச்சையில் ஒளிர்ந்தால் எது எதுவென்று பிரிப்பது எப்படி? அதனால்தான் சிவப்பிலும் அதற்கு அப்பாலும் ஒளிரும் சாயங்களைத் தேடுகிறார்கள். அங்கே உடல் திரவங்களின் சொந்த ஒளி குறைவு.

இன்னொன்று. நிறையத் தண்ணீர் குடித்தவரின் சிறுநீர் நீர்த்திருக்கும், அல்புமின் குறைவாகத் தெரியும். அதனால் தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் சிறுநீரில் வெளியேறும் கிரியேட்டினினையும் சேர்த்து அளந்து, ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு எத்தனை மில்லிகிராம் அல்புமின் என்று கணக்கிடுவது மருத்துவ வழக்கம். அல்புமினுக்கு மட்டும் ஒளிரும் கருவி பாதிக் கருவிதான். ஆன்டிபாடியும் அல்புமினும் சேர்ந்து கலங்கும் அளவைப் பார்க்கும் இன்றைய ஆய்வக முறை நம்பகமானது, எந்திரத்தில் நிமிடங்களில் முடிவது. புதிய சாயம் அதைவிட நல்லது என்று காட்ட வேண்டுமானால் தூய கரைசலில் காட்டிப் பயனில்லை. காய்ச்சல்காரர், மாத்திரைக்காரர், சிறுநீர்த் தொற்று உள்ளவர் என்று நூற்றுக்கணக்கானவரின் மாதிரியில் இரண்டையும் அருகருகே வைத்து அளந்து காட்ட வேண்டும். அந்த அலுப்பான வேலைக்குத் துணியாமல் புதுப் புது மூலக்கூறாகச் செய்துகொண்டே போவது இத்துறையின் பெரிய பலவீனம் என்பேன்.

ஆனாலும் தேவை உண்மையானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரும் ஆய்வு, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல் என்று 2023-இல் மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டு வாசலிலேயே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். குளிர்ப்பெட்டி வேண்டாத, கழுவ வேண்டாத ஒரு சிறுநீர்ச் சோதனை அப்படி வீடு தேடி வருபவர்களின் பையில் இடம்பிடிக்குமானால் இந்த வேதியியலுக்கு அதைவிடப் பெரிய பயன் கிடையாது.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. சர்க்கரை நோய் உள்ளவர்கள், இரண்டாம் வகையானால் கண்டுபிடித்த நாள் முதலே, முதல் வகையானால் ஐந்து ஆண்டுகள் கழிந்ததிலிருந்து, வருடத்துக்கு ஒரு முறை சிறுநீரில் அல்புமின்-கிரியேட்டினின் விகிதத்தைப் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். எண் 30-ஐத் தாண்டியிருந்தால் பதற வேண்டாம். காய்ச்சலும் கடும் உடற்பயிற்சியும்கூட அதை ஏற்றும். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் எடுக்கும் மூன்று மாதிரிகளில் இரண்டு அப்படி வந்தால் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.